சபையை விட்டு வந்த பிறகு புதிய சபை தேடுவது எப்படி

பதினொரு வருடம் இருந்த சபையை விட்டு நானும் என் குடும்பமும் வெளியே வந்தோம். கட்டட நிதிக் கணக்கைக் கேட்டேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் 'கலகக்காரன்' ஆனேன். அடுத்த மாதம் என் மனைவியிடம் ஞாயிறு பள்ளி வகுப்பெடுக்க இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புதிய சபை அமைய எங்களுக்கு 14 மாதம் ஆனது. ஏழு சபைகளுக்குப் போனோம். அதில் ஒன்றில் மூன்றாவது வாரமே சேர்ந்து ஐந்தாவது மாதம் மறுபடி வெளியே வந்தோம். காகித வேலையில் பட்ட பாடு தனி. எங்களுக்குத் தெரியாமல் போனதெல்லாம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ பாலியல் தொல்லையோ அடிதடியோ பண மோசடியோ நடந்திருந்தால் இந்தப் படிகள் எல்லாம் அப்புறம். காவல்துறைக்குப் போங்கள், ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். "சபைக்குள்ளேயே விசாரித்துக்கொள்வோம்" என்று யார் சொன்னாலும் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

1. விலகுவதாகச் சொல்வதற்கு முன்பே காகிதங்களை வாங்குங்கள்

இதை நான் தலைகீழாகச் செய்தேன். விலகல் கடிதம் கொடுத்த பிறகுதான் மகளின் ஞானஸ்நானச் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் கேட்டால் "பாஸ்டர் வெளியூரில் இருக்கிறார் பிரதர், அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். நான்கு தடவை இதே பதில். கடைசியில் கைக்கு வந்தபோது மகள் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. அதைத் திருத்தி வாங்க இன்னும் மூன்று வாரம். ஆக, வாங்கிய இடத்திலேயே நின்று பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி எல்லாம் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை: குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் (ஞானஸ்நானத்துக்குப் பின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றவர்களுக்கு அதன் சான்று, சபையில் திருமணம் நடந்திருந்தால் திருமணப் பதிவின் நகல், கொடுத்த காணிக்கைகளுக்கான ரசீதுகள். வரிச் சலுகை கோருகிறவர்களுக்கு அந்த ரசீது பின்னால் தேவைப்படும். சபைக்குக் கடன் கொடுத்திருந்தாலோ, பொருள் ஏதும் வாங்கி வைத்திருந்தாலோ அதற்கும் எழுத்தில் ஒரு ஆதாரம் வேண்டும்.

கத்தோலிக்கராக இருந்தால் வேலை கொஞ்சம் எளிது. திருமுழுக்கு (ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கர் சொல்லும் பெயர்) எந்தப் பங்கில், அதாவது எந்த ஆலயத்தின் நிர்வாக எல்லையில், நடந்ததோ அந்தப் பங்கின் பதிவேட்டில்தான் மூலப் பதிவு இருக்கும். உறுதிப்பூசுதலும் (திடப்படுத்தல்) திருமணமும் அதே பதிவில் குறிக்கப்பட வேண்டும் என்று 1983-ஆம் வருடத் திருச்சபைச் சட்டம் (எண் 535) சொல்கிறது. எத்தனை வருடம் கழித்தும் அங்கே எழுதிக் கேட்கலாம். திருமணத்துக்கு என்றால் பழைய பிரதி பெரும்பாலும் செல்லாது. கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த பிரதி கேட்பார்கள், எனவே அதை முன்கூட்டியே வாங்கி வைத்துப் பயனில்லை. பதிவேடே தொலைந்துவிட்டது என்றாலும் வழி இருக்கிறது: நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும், பெரியவரான பிறகு திருமுழுக்குப் பெற்றவர் என்றால் அவருடைய சொந்த உறுதிமொழியே போதும் (எண் 876).

தனிச் சபைகளில்தான் சிக்கல். அங்கே மேலே போய்க் கேட்க ஓர் அலுவலகம் கிடையாது, பாஸ்டர் தர மாட்டேன் என்றால் அவ்வளவுதான். சபையே மூடிவிட்டால் பதிவேடு யார் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஞானஸ்நானத்தின்போது எடுத்த புகைப்படம், தேதி, கூட இருந்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிய ஒரு சிறு குறிப்பு, இந்த மூன்றையும் சேர்த்து வையுங்கள். எல்லா இடத்திலும் ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் வெறும் கையோடு போவதைவிட எவ்வளவோ மேல்.

செலவு என்று பார்த்தால் சான்றிதழுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. சில சபைகளில் சந்தா பாக்கி இருந்தால் கட்டிவிட்டு வா என்பார்கள். நியாயமான பாக்கி என்றால் கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள். 'கட்டட நிதிக்கு வாக்குக் கொடுத்தீர்களே' என்று ஆரம்பித்தால், அது கடன் அல்ல, அதற்காகச் சான்றிதழை நிறுத்தி வைப்பது தவறு என்று எழுத்தில் சொல்லுங்கள்.

2. கையெழுத்துகளையும் சாவிகளையும் விடுவித்துக்கொள்ளுங்கள்

நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். சபை வங்கிக் கணக்கில் நீங்கள் கையெழுத்திடுபவர்களில் ஒருவராக இருந்தால், அறக்கட்டளையிலோ சங்கத்திலோ உறுப்பினராகப் பெயர் இருந்தால், சபையின் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தால், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வராமல் இருப்பதால் மட்டும் அந்தப் பொறுப்பு போய்விடாது. பதவி விலகல் கடிதம் தேதியோடு கொடுங்கள், பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள், வங்கிக்கும் தனியாக எழுதுங்கள். ஜாமீன் போட்டிருந்தால் கடிதம் மட்டும் போதாது, வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மாதாமாதம் தானாகக் கழியும் காணிக்கையை நிறுத்துங்கள். சாவி, மைக், பாட்டுப் புத்தகம் எது இருந்தாலும் பட்டியல் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

விலகல் கடிதம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். 'இந்தத் தேதி முதல் நானும் என் குடும்பமும் சபை உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகுகிறோம். எங்கள் சான்றிதழ்களும் மாற்றுக் கடிதமும் தந்து உதவுங்கள். இதுவரை செய்த ஊழியத்துக்கு நன்றி.' இவ்வளவு போதும். மாற்றுக் கடிதம் என்பது வேறு சபையில் சேர்வதற்காகப் பழைய சபை தரும் கடிதம். காரணங்களை அடுக்கி நான் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தை மூப்பர்கள் கூட்டத்தில் வரிவரியாகப் படித்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் தயார் செய்திருந்தார்கள்.

கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றால் தனியாகப் போகாதீர்கள். அங்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு வசனங்கள் கட்டாயம் வரும். ஒன்று, நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபிரெயர் 13:17. இன்னொன்று, அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்னும் சங்கீதம் 105:15. இந்த இரண்டாவதைக் கேட்டுத்தான் நான் பல வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அந்தச் சங்கீதத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள். சொந்த நிலம் இல்லாமல் தேசம் தேசமாகத் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்துக்குத் தீங்கு செய்யாதே என்று ராஜாக்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. அதிகாரம் உள்ளவனுக்குச் சொன்னதை, கேள்வி கேட்கும் விசுவாசியின் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

3. கொஞ்ச நாள் எதிலும் சேராமல் இருங்கள்

குறைந்தது இரண்டு மூன்று மாதம். ஆராதனைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள், பின் வரிசையில் உட்காருங்கள், வாருங்கள். எந்த ஊழியமும் ஏற்காதீர்கள், எந்த வாட்ஸ்அப் குழுவிலும் சேராதீர்கள். போக முடியாத வாரங்களும் வரும். எங்கள் பழைய சபையில் காணிக்கைக்கு முன் எப்போதும் பாடும் ஒரு பாட்டு உண்டு. வேறொரு சபையில் அதே பாட்டை ஆரம்பித்தபோது என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். வாசல் படியில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று ஆராதனை முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினோம். இது விசுவாசக் குறைவு இல்லை, காயம். தூக்கம் கெட்டால், பயம் நிற்காமல் இருந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டாம். "அங்கே சில பெரியவர்கள் சரியாக நடந்துகொள்ளவில்லை, அதனால் வேறு சபை பார்க்கிறோம், உன் மேல் எந்தத் தப்பும் இல்லை" என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். அங்கே இருக்கும் நண்பர்களோடு அவர்கள் பேசட்டும், அதைத் தடுக்காதீர்கள்.

4. எந்த மாதிரி சபை என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்

பிரச்சினை அந்த ஒரு பாஸ்டரிடமா, மொத்த அமைப்பிலா என்று யோசியுங்கள். ஆளிடம்தான் என்றால் அதே திருச்சபைப் பிரிவில் வேறொரு சபைக்குப் போவது மிகச் சுலபம், காகிதமும் குறைவு. கத்தோலிக்கர் வேறு பங்கில் திருப்பலிக்குப் போக யாருடைய அனுமதியும் வேண்டாம். ஞாயிறு கடமை எந்தக் கத்தோலிக்க ஆலயத்தில் பங்கேற்றாலும் நிறைவேறும். பிள்ளையின் முதல் நற்கருணை, திருமணம் போன்றவற்றுக்கு மட்டும் எந்தப் பங்கில் பதிவு என்று முன்பே பேசிவிடுங்கள்.

பிரிவு மாறுவதாக இருந்தால் முதல் கேள்வி ஞானஸ்நானம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்த ஞானஸ்நானத்தை மறுபடி கொடுக்கக் கூடாது என்பது கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளின் நிலை. 1982-இல் லீமாவில் உலகத் திருச்சபை மன்றத்தின் குழு ஏற்றுக்கொண்ட அறிக்கையும் மறு ஞானஸ்நானத்தைத் தவிர்க்கவே சொல்கிறது. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் குழந்தையாக இருந்தபோது பெற்றது கணக்கில் வராது, மூழ்கி எடுக்க வேண்டும் என்பார்கள். எது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஆறு மாதம் பழகிய பிறகு அது தெரியவந்து வீட்டில் சண்டை வருவதைவிட முதல் மாதமே கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் தூரம். நல்ல சபை என்று ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து போனோம். மூன்று மாதத்தில் பிள்ளைகள் ஓய்ந்துவிட்டார்கள், வாரநாள் ஜெபக்கூட்டம் ஒன்றுக்குக்கூடப் போக முடியவில்லை.

5. ஒரு சபைக்குக் குறைந்தது நான்கு தடவை போங்கள்

கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கன்வென்ஷன் நாட்களில் போய் எடை போடாதீர்கள். அன்றைக்கு எல்லாச் சபையும் நன்றாகத்தான் இருக்கும். சாதாரண ஞாயிறு மூன்று, வாரநாள் கூட்டம் ஒன்று. முதல் நாள் வருகையாளர் அட்டையில் பெயரை மட்டும் எழுதுங்கள், தொலைபேசி எண் வேண்டாம்.

பிரசங்கத்தில் கதைகள் யாரைப் பற்றி வருகின்றன என்று கவனியுங்கள். எல்லாக் கதையிலும் பாஸ்டரே ஜெயிக்கிறாரா? மற்றச் சபைகளைப் பற்றி எப்படிப் பேசுகிறார்? விலகிப் போனவர்களைச் சபித்தோ பயமுறுத்தியோ பேசுகிறாரா? காணிக்கைக்கு எவ்வளவு நேரம்? தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10 ஒவ்வொரு வாரமும் வருகிறதா? ஆராதனை முடிந்ததும் உடனே கிளம்பாமல் கால் மணி நேரம் நில்லுங்கள். நாற்காலி அடுக்குகிற பையனிடம் பாஸ்டர் எந்தக் குரலில் பேசுகிறார் என்பது அந்த நேரத்தில்தான் காதில் விழும்.

6. நேரில் உட்கார்ந்து கேளுங்கள்

இதைச் செய்யாமல் எங்கேயும் சேராதீர்கள். பாஸ்டரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள், தம்பதியாகப் போங்கள், கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பதில் எவ்வளவு முக்கியமோ, கேட்டதும் அவர் முகம் என்ன ஆகிறது என்பதும் அவ்வளவு முக்கியம்.

பணம்: வருடாந்திர வரவு செலவை உறுப்பினர்கள் பார்க்க முடியுமா? தணிக்கை செய்வது யார்? வங்கிக் கணக்கு சபையின் பெயரிலா, தனி ஆளின் பெயரிலா? காசோலையில் எத்தனை பேர் கையெழுத்து, அவர்கள் ஒரே குடும்பமா? பாஸ்டரின் சம்பளத்தை முடிவு செய்வது யார்? சொத்து யார் பெயரில்? இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது பவுலே, யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் கூட அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21). அப்போஸ்தலரே கூட ஆள் வைத்தார் என்றால் மற்றவர்களுக்கு என்ன கஷ்டம்? விசுவாசிகள் கொடுத்ததற்கு அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலும் (எண் 1287) இருக்கிறது.

அதிகாரம்: சபை விதிகள் எழுத்தில் உண்டா, படிக்கத் தருவீர்களா? பாஸ்டர் மேல் புகார் என்றால் விசுவாசி எங்கே போக வேண்டும்? 'முதலில் என்னிடம் வரட்டும், மத்தேயு 18 அப்படித்தான் சொல்கிறது' என்று மட்டும் பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளோடு ஏற்று, பாவம் செய்தவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கச் சொல்லும் 1 தீமோத்தேயு 5:19-20-உம் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது.

பிள்ளைகள்: ஞாயிறு பள்ளியில் ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளையோடு இருக்க அனுமதி உண்டா? ஆசிரியர்களை எப்படிச் சோதித்துச் சேர்க்கிறீர்கள்? எழுத்தில் விதி இருக்கிறதா? கத்தோலிக்க மறைமாவட்டங்கள் (ஓர் ஆயரின் கீழ் உள்ள பகுதிகள்) பாலியல் கொடுமை பற்றிய புகார் பெறுவதற்கு எல்லோரும் அணுகக்கூடிய ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று போப் பிரான்சிஸ் 2019-இல் ஆணையிட்டார், 2023-இல் அதை நிரந்தரமாக்கினார். அது எங்கே என்று பங்கில் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசிக் கேள்வியைச் சாதாரண உறுப்பினர் ஒருவரிடம் கேளுங்கள்: "கடைசியாக இங்கிருந்து விலகிப் போனவர் யார்? அவரோடு இப்போதும் பேசுகிறீர்களா?" ஐந்தாவது சபையில் கேட்டபோது ஒரு பிரதர் குரலைத் தாழ்த்தி, "அவங்க பேரை இங்கே எடுக்கறதில்லை" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. ஏழாவது சபையில் வயதான ஒரு அம்மா யோசிக்காமல், "அந்தப் பிள்ளையா? வேறு சபைக்குப் போயிருச்சு. போன வாரம் அது பிரசவத்துக்கு நான்தான் ஆஸ்பத்திரியில கூட இருந்தேன்" என்றார். இப்போது நாங்கள் இருப்பது அந்தச் சபையில்தான்.

7. நாங்கள் விழுந்ததும் விழப் பார்த்ததும்

மூன்றாவது வாரமே சேர்ந்தோம் என்றேனே, அங்கே எங்களை இழுத்தது அன்புதான். காயத்தோடு வருகிறவனைத் தினமும் போன் செய்து விசாரித்தால் யாருக்கும் கண் கலங்கும். நான் கீபோர்ட் வாசிப்பேன் என்று தெரிந்ததும் அடுத்த ஞாயிறே மேடையில் உட்கார வைத்தார்கள். பொறுப்பு கையில் வந்துவிட்டால் குறை கண்ணில் பட்டாலும் வெளியே வர மனம் வராது, நான்கு மாதம் அப்படித்தான் போனது. முதல் ஆறு மாதத்துக்குள் மேடையோ வகுப்போ கொடுத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். நல்ல சபை காத்திருக்கும்.

"கர்த்தர்தான் உங்களை இங்கே கொண்டுவந்தார் என்று எனக்குக் காட்டினார்" என்று யாராவது சொன்னால், "அப்படியா ஐயா, எங்களுக்கும் காட்டட்டும், ஜெபிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட விலகிய நான்கு குடும்பங்கள் சேர்ந்து வீட்டுச் சபை ஆரம்பிக்கலாம் என்றார்கள். இரண்டு மாதம் கூடினோம். ஜெபம் பத்து நிமிடம், பழைய பாஸ்டரைப் பற்றிய பேச்சு ஒன்றரை மணி நேரம். ஒருவரையொருவர் தேற்றுவதற்கு அது உதவியது, சபையாக அது நிற்கவில்லை. இணைய ஆராதனையும் அப்படித்தான், முதல் சில மாதங்களுக்கு நல்ல தங்குமிடம். ஆனால் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் திரைக்குள் இருப்பவர் வந்து நிற்க மாட்டார்.

8. சேர்வதும் கொடுப்பதும்

உறுப்பினராக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் வகுப்பு இருந்தால் முழுதும் போங்கள். உடன்படிக்கைப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள், விலகும் முறை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

பழைய சபை மாற்றுக் கடிதம் தரவில்லை என்றால் கலங்க வேண்டாம். கேட்டு எழுதிய கடிதத்தின் நகலைக் காட்டி நடந்ததைச் சொல்லுங்கள், விசுவாச அறிக்கையை வைத்துச் சேர்த்துக்கொள்ளும் வழி பல சபைகளில் உண்டு. புதிய பாஸ்டர் பழைய பாஸ்டரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றால், உங்கள் தரப்பை முதலில் முழுதாகக் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பாஸ்டர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "நீங்கள் கேட்ட கணக்கை இங்கேயும் கேளுங்கள்" என்றார்.

தசமபாகத்தை முதல் வாரமே மாற்றிவிட வேண்டாம். உறுப்பினராகும் வரை சின்னக் காணிக்கை போதும். மனசாட்சி உறுத்தினால் அந்தத் தொகையைத் தனியே எடுத்து வைத்து நேரடியாகத் தேவைப்படும் ஒருவருக்குக் கொடுங்கள், நாங்கள் அதைத்தான் செய்தோம். சேர்ந்த பிறகும் ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு காகிதங்களை ஒரே கோப்பில் போட்டு, போனில் படம் எடுத்தும் வையுங்கள். புதிய சபையின் பதிவேட்டில் உங்கள் பெயர்களை ஏற்றும்போது பக்கத்தில் நின்று எழுத்தைச் சரிபாருங்கள். மகள் பெயரை இந்தத் தடவை அவளையே சொல்லச் சொன்னேன், செயலர் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினார்.